சத்தம் வந்தா பார்த்துக்கலாம்: டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது என்பதற்கு ஒரு சரித்திரக் குறிப்பு

போன மாதம் எங்கள் தெருவில் எதிர்வீட்டு அண்ணன் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினார். 2011 மாடல் ஃபோர்டு ஃபிகோ, டீசல். மீட்டரில் 93,000 சொச்சம் கி.மீ. அண்ணன் மூன்றாவது ஓனர். ஆர்.சி. புக் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, சர்வீஸ் செய்த விவரம் எழுதிய புத்தகம் மட்டும் இல்லை. அண்ணன் வீட்டில் ரெண்டு பட்டுத் தறி. சேலைகளைச் சென்னைக்குக் கொண்டுபோகவும், வயசான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் மூணு வருஷம் சேர்த்த பணத்தில் வாங்கின வண்டி.

வாங்கின மறுவாரமே குழப்பம் ஆரம்பித்தது. அவருடைய மச்சான், "டைமிங் பெல்ட்டை உடனே மாத்திடுங்க மாமா, அறுந்தா இன்ஜினே போயிடும்" என்றார். தெருவில் எல்லாருக்கும் வண்டி பார்க்கும் மெக்கானிக் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சுத்தமா ஓடுதுண்ணே. சத்தம் வந்தா பார்த்துக்கலாம்" என்றார். அண்ணன் என்னிடம் வந்தார். "தம்பி, நீதான் எதையாவது தோண்டிப் படிச்சிட்டே இருக்கியே. ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி?"

நான் கார் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த மெக்கானிக்கை எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கும் மேலாக ஸ்பேனர் பிடித்தவர், வேலையைத் தள்ளிப்போட்டு ஏமாற்றுகிறவர் இல்லை. அப்படிப்பட்டவர் ஏன் "சத்தம் வந்தா" என்கிறார்? அதைத் தேடப் போனதில் ரெண்டு வாரம் ஓடிவிட்டது. மெக்கானிக் சமாச்சாரம் என்று நினைத்த கேள்வி கடைசியில் சரித்திரக் கேள்வியாக மாறிவிட்டது. அவர் சொன்ன விதி தப்பான விதி இல்லை. ஒரு காலத்தில் இந்தியாவில் ஓடிய கிட்டத்தட்ட எல்லா காருக்கும் அது சரியான விதி. இன்ஜினுக்குள் இருந்த பொருள் மாறிவிட்டது, விதி மாறவில்லை. அவ்வளவுதான்.

பெல்ட் என்ன வேலை செய்கிறது?

கார் தெரியாதவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரொம்பச் சுலபமாகப் புரியும், ஏனென்றால் தறியிலும் இதேதான் நடக்கிறது.

மிதியை அழுத்தினால் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அந்த இடைவெளி திறந்திருக்கும் நேரத்தில் நாடா ஊடை இழையோடு குறுக்கே ஓடிவிட வேண்டும். இடைவெளி மூடிய பிறகு நாடா கிளம்பினால் பட்டிழையில் மோதும், அறுக்கும். ரெண்டு அசைவும் ஒன்றுக்கொன்று நேரம் தப்பக் கூடாது. தறியில் அந்த நேரத்தைக் காப்பது நெசவாளரின் காலும் கையும்.

இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து கீழே போகிறது. வால்வுகள் திறந்து காற்றை உள்ளே விடுகின்றன, புகையை வெளியே அனுப்புகின்றன. பிஸ்டனை இயக்குவதோடு சேர்ந்து சுற்றுவது கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறப்பது கேம் ஷாஃப்ட். கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஒரு பல் கூடத் தப்பக் கூடாது. இந்த ரெண்டையும் இணைத்து நேரம் காப்பதுதான் டைமிங் பெல்ட். உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை, உள்ளே கண்ணாடி நார்க் கயிறு.

பல இன்ஜின்களில், வால்வு முழுதாகத் திறந்து கீழே இறங்கும் இடமும், பிஸ்டன் மேலே ஏறி வரும் இடமும் ஒன்றேதான். ரெண்டும் வேறு வேறு நேரத்தில் அங்கே வந்து போவதால் மோதிக்கொள்வதில்லை. பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். திறந்த வால்வு திறந்தபடியே நிற்கும். கிராங்க் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். பிஸ்டன் வந்து வால்வில் மோதும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனே உடையும். இடைவெளி தாராளமாக விட்ட சில பெட்ரோல் இன்ஜின்களில் பெல்ட் அறுந்தாலும் வண்டி நிற்பதோடு சரி. ஆனால் டீசல் இன்ஜினில் காற்றை மிகவும் இறுக்கி அழுத்த வேண்டியிருப்பதால் பிஸ்டன் மேலே ஏறும்போது தலைப்பகுதியை ஒட்டிக்கொண்டு வரும். அங்கே தாராள இடைவெளிக்கு வழியே இல்லை. அண்ணனுடையது டீசல்.

தறியில் இழை அறுந்தால் முடிபோட்டு மறுபடி ஓட்டலாம். இங்கே முடி போட முடியாது.

காது கேட்டு வைத்தியம் பார்த்த காலம்

1983-க்கு முன்னால் நம்ம ரோட்டில் ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணலாம். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாஸடர். பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபியட் 1100, பின்னால் பத்மினி என்று பெயர் மாறியது. சென்னை பக்கத்திலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே ஐரோப்பாவில் 1950-களிலும் அதற்கு முன்னாலும் வரைந்த இன்ஜின்களை வைத்து ஓடியவை.

அந்த இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட் தலையில் இல்லை. கீழே கிராங்க் ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து நீளமான கம்பிகள் மேலே போய் வால்வைத் தள்ளும். கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே தூரம் குறைவு என்பதால் சின்னதாக ஒரு இரும்புச் சங்கிலி போதும். சங்கிலி இன்ஜின் எண்ணெயிலேயே நனைந்து ஓடும். நம்ம திருவொற்றியூர் புல்லட்டில் சங்கிலி கூட இல்லை, பற்சக்கரத்தோடு பற்சக்கரம் கோர்த்து வைத்திருந்தார்கள்.

இரும்புச் சங்கிலி சாவதற்கு முன்னால் சொல்லிவிட்டுச் சாகும். ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் ஊசி தேயத் தேயச் சங்கிலி நீளும். நீண்டால் தளரும், தளர்ந்தால் மூடியில் உரசும். காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் முன்பக்கமிருந்து சரசரவென்று ஒரு சத்தம் வரும். அது நாளாக நாளாகக் கூடும். பெரும்பாலும், வண்டி நடுரோட்டில் நிற்பதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே காது உள்ள மெக்கானிக்குக் கேட்டுவிடும். அந்தக் காலத்தில் "சத்தம் வந்தா பார்த்துக்கலாம்" என்பது சோம்பேறித்தனம் இல்லை. தேவையில்லாமல் இன்ஜினைப் பிரித்து வாடிக்கையாளர் பணத்தை வீணாக்கக் கூடாது என்ற நேர்மை. உதிரிபாகம் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்த நாட்டில் அதுதான் புத்திசாலித்தனமும் கூட.

எங்கள் மெக்கானிக் தொழில் பழகியது அம்பாஸடரும் பத்மினியும் ஓடிய ஒர்க்‌ஷாப்பில். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதற்கும் முந்தின ஆள். விதி அந்த வழியாக வந்தது.

தையல் மெஷினிலிருந்து காருக்கு

பல் வைத்த பெல்ட் முதலில் காருக்காகப் பிறக்கவில்லை. துணித் தொழிலுக்காகப் பிறந்தது என்று படித்தபோது, நெசவு ஊர்க்காரனான எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். 1940-களில் அமெரிக்காவில் கில்மர் என்ற பெல்ட் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் கேஸ் என்ற பொறியாளர் இதைச் செய்தார். சிங்கர் தையல் மெஷினில் மேலே இறங்கும் ஊசியும் கீழே சுற்றும் பாபினும் நேரம் தப்பாமல் சந்திக்க வேண்டும். சாதாரணத் தோல் பெல்ட் வழுக்கும், பற்சக்கரம் சத்தம் போடும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழியாக வந்ததுதான் பல் பெல்ட்.

1950-களின் நடுவில் பில் டெவின் என்ற அமெரிக்கர் தன் சிறு ரேஸ் கார்களில் இதை வைத்துப் பார்த்தார். ஆனால் ஆயிரக்கணக்கில் விற்ற கார் ஒன்றில் முதலில் வந்தது 1962-ல். செய்தது பெரிய கம்பெனி எதுவும் இல்லை. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் விதைக்கும் கருவிகள் செய்துகொண்டிருந்த கிளாஸ் என்ற குடும்ப நிறுவனம். அவர்களுடைய கிளாஸ் 1004 காரில்தான் முதல் டைமிங் பெல்ட். 1966-ல் அந்தக் கம்பெனியை பி.எம்.டபிள்யூ வாங்கிவிட்டது. அதே 1966-ல் அமெரிக்காவில் போன்டியாக்கும், இத்தாலியில் ஃபியட் 124 ஸ்போர்ட்டுக்காக லாம்ப்ரெடி வரைந்த இன்ஜினும் பெல்ட்டுக்கு வந்தன. 1970-களில் ஃபோக்ஸ்வாகன், ஹோண்டா என்று வரிசையாக வந்துவிட்டார்கள்.

ஏன் இத்தனை அவசரம்? காரணம் கேம் ஷாஃப்ட் இடம் மாறியதுதான். இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டுமென்றால் நீளக் கம்பிகளை விட்டுவிட்டு, கேம் ஷாஃப்டைத் தலைக்கே ஏற்ற வேண்டும். ஏற்றினால் கிராங்குக்கும் கேமுக்கும் தூரம் கூடிவிடும். அவ்வளவு நீளச் சங்கிலி கனம், விலை, சத்தம், எண்ணெய் போகத் தனி வழி. பெல்ட்டோ லேசு, விலை குறைவு, எண்ணெய் வேண்டாம், எந்தச் சத்தமும் இல்லை.

'எந்தச் சத்தமும் இல்லை' என்பதை விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லலாம். மெக்கானிக்குக்கு அது கெட்ட செய்தி. ஓடும்போது சத்தம் போடாத பெல்ட், அறும் நேரம் நெருங்கும்போதும் பெரும்பாலும் சத்தம் போடாது. பக்கத்தில் இருக்கும் டென்ஷனர் பேரிங் கெட்டால் ஒரு முனகல் கேட்கலாம். வயசான பெல்ட் மட்டும் மௌனமாகவே போகும். காது கேட்டு வைத்தியம் பார்த்த காலம் அங்கே முடிந்தது.

நம்ம ஊருக்கு வந்த கதை

இந்தியாவில் சாதாரணக் குடும்பங்களுக்கு டைமிங் பெல்ட்டை அறிமுகப்படுத்தியது மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. சுசுகி இன்ஜின், தலையில் கேம் ஷாஃப்ட், அதைச் சுற்ற ரப்பர் பெல்ட். அம்பாஸடர் பழகின நாட்டில் அந்தக் கார் எவ்வளவு அமைதியாக ஓடியது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த அமைதியில் பெல்ட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

எங்கள் பக்கத்துக்கு அது இன்னும் நெருங்கி வந்தது 1990-களில். 1997-ல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்துக் காஞ்சிபுரம் மாவட்டம் உருவானது. அடுத்த ஆண்டே, 1998 செப்டம்பரில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்த சான்ட்ரோ வெளிவந்தது. பெல்ட் இன்ஜின். மறைமலை நகரில் ஃபோர்டு 2010-ல் செய்ய ஆரம்பித்த ஃபிகோவின் 1.4 லிட்டர் டீசலும் பெல்ட். அதே 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. அங்கே செய்த டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலும் பெல்ட்தான். பெங்களூர் ரோட்டில் ஒரு பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பக்கம், நடுவில் ஒரகடம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை இந்த மூன்று ஊரும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். பட்டுக்குப் பேர் போன மாவட்டம் லட்சக்கணக்கில் பெல்ட் கார்களையும் செய்து அனுப்பியிருக்கிறது.

ஆனால் ஆலையில் இருந்து கார் வந்த வேகத்தில் அறிவு ஒர்க்‌ஷாப்புக்கு வரவில்லை. முதல் ஓனர் கம்பெனி சர்வீஸுக்குப் போவார், அங்கே கெடு பார்த்து மாற்றுவார்கள். கார் கைமாறி மூன்றாவது ஆளிடம் வரும்போது அது தெரு மெக்கானிக்கிடம் வருகிறது. பெல்ட்டுக்கு வயசாகும் நேரமும் அதுவேதான். மாற்றினார்களா இல்லையா என்ற சேதி நடுவில் எங்கோ தொலைந்துபோயிருக்கும்.

கையேட்டில் உள்ள எண் எங்கிருந்து வந்தது?

அண்ணன் கேட்ட அடுத்த கேள்வி: "சரி, எத்தனை கிலோமீட்டர்ல அறும்?"

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறோம். கையேட்டில் போட்டிருக்கும் எண், பெல்ட் அறும் இடம் இல்லை. அறுவதற்கு வெகு முன்னால் நிறுத்திக்கொள் என்று பொறியாளர்கள் எடுத்த முடிவு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது இன்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கி.மீ.க்கு 2,000 சுற்று. ஒரு லட்சம் கி.மீ.க்கு 20 கோடி சுற்று. ஒவ்வொரு வால்வும் 10 கோடி தடவை திறந்து மூடியிருக்கும். இப்படி உழைக்கும் ஆயிரம் பெல்ட்டில் ஒன்றிரண்டு கூட நடுவழியில் போகக் கூடாது என்றால் சராசரி ஆயுளைக் கணக்காக வைக்க முடியாது. அதனால் 'என் நண்பன் வண்டியில ஒன்றரை லட்சம் ஓடிச்சு' என்பது உண்மையாகவே இருக்கலாம். அது நம்ம பெல்ட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

அந்த எண்ணும் கல்லில் வெட்டியது இல்லை. காலத்தோடு மாறியிருக்கிறது. ஆரம்ப கால பெல்ட்டுகள் நியோப்ரீன் ரப்பர். இன்ஜின் சூட்டில் இறுகி வெடிக்கும். 1980-களில் ஹைட்ரஜன் சேர்த்த நைட்ரைல் ரப்பர் வந்தது. சூட்டையும் எண்ணெயையும் அது அதிகம் தாங்கும். பல்லின் வடிவமும் சதுரம் போன்றதிலிருந்து வளைவானதாக மாறியது. அதனால் 60,000 என்றும் 1,00,000 என்றும் இருந்த கெடுக்கள் சில கார்களில் ஒன்றரை லட்சத்துக்கு மேலே போயின.

கி.மீ. மட்டும் போதாது, வருஷக் கணக்கும் உண்டு. வண்டி நின்றாலும் ரப்பர் கிழடாகும். கையேடுகளில் நாலைந்து வருஷத்திலிருந்து பத்து வருஷம் வரை, காருக்குக் கார் வேறுபடும். 'எது முதலில் வருகிறதோ அது' என்று ஒரு வரி கூடவே இருக்கும். அந்த வரியைத்தான் யாரும் படிப்பதில்லை.

வெயிலுக்கும் கணக்கு உண்டு. சில ஹோண்டா கார்களின் அமெரிக்கக் கையேடுகளில், வெப்பம் 43 டிகிரியைத் தாண்டும் இடங்களில் வழக்கமாக ஓட்டுகிறவர்கள் 1,05,000 மைலுக்குப் பதில் 60,000 மைலிலேயே, அதாவது சுமார் 96,000 கி.மீ.யிலேயே, மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கும். கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டுவது நமக்குப் புதிதா? ஏ.சி. போட்டுக்கொண்டு பூக்கடைச் சத்திரம் பக்கம் ட்ராஃபிக்கில் நிற்கும்போது கி.மீ. ஏறாது, ஆனால் பெல்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், சூட்டிலும் வெந்துகொண்டிருக்கும்.

கோயிலுக்குத் தெரிந்த கணக்கு

இதையெல்லாம் சொன்னபோது அண்ணன் தலையாட்டினாரே தவிர முகம் தெளியவில்லை. "நல்லா இருக்கிறதை எதுக்குப்பா கழட்டிப் போடணும்?" அவர் தொழிலில் அப்படிச் செய்வதில்லை. தறியில் கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும். ஜக்கார்டு அட்டை கிழிந்தால் சேலையில் தப்புப் பூ விழும். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கைபட்டு உணர்ந்த பிறகு மாற்றுவதுதான் தொழில் தர்மம்.

அப்போதுதான் எனக்கு அஷ்டபந்தனம் ஞாபகம் வந்தது. கோயில் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கருவறையில் மூலவரைப் பீடத்தில் நிறுத்தும்போது அடியில் ஒரு மருந்து சாத்துவார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, காவிக்கல், சுக்கான் கல், எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருளை இடித்துச் சேர்த்தது. அதுதான் சிலையையும் பீடத்தையும் இறுக்கிப் பிடிக்கும், அபிஷேக நீர் உள்ளே இறங்காமல் தடுக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தின்போது பழசை எடுத்துவிட்டுப் புதுசு சாத்துவது வழக்கம்.

யாரும் சிலையை ஆட்டிப் பார்த்து "இன்னும் கெட்டியாத்தான் இருக்கு, ஆடினா பார்த்துக்கலாம்" என்று சொல்வதில்லை. ஏன்? மருந்து இருப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மெதுவாகக் காய்ந்து பிடிப்பை இழக்கும். ஆட்டம் தெரியும் அளவுக்கு விட்டுவிட்டால் அதற்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். அதனால் பார்த்து முடிவெடுப்பதை விட்டுவிட்டு நாள் குறித்து முடிவெடுத்தார்கள். நடுவில் சேதம் ஏதும் வந்தால் பன்னிரண்டு வருஷம் காத்திருக்காமல் முன்னாலேயே திருப்பணி செய்வதும் உண்டு.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இது மருந்து சாத்துற கணக்கு. தறிக் கணக்கு இல்லை" என்றார். நான் ரெண்டு வாரம் படித்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அப்புறம் சங்கிலி திரும்பி வந்தது

இந்தச் சரித்திரத்துக்கு இன்னொரு திருப்பம் உண்டு. இல்லாவிட்டால் படிக்கிற யாராவது நாளைக்கே போய்த் தேவையில்லாமல் இன்ஜினைப் பிரித்துவிடுவீர்கள்.

2000-களில் சங்கிலி திரும்பி வந்தது. மெலிசான, சத்தம் குறைந்த புது வகைச் சங்கிலிகள் வந்துவிட்டன. ஸ்விஃப்ட் முதல் பல கார்களில் ஓடிய ஃபியட் வழி 1.3 லிட்டர் டீசல் சங்கிலி. 2008-ல் இருங்காட்டுக்கோட்டை ஐ10-க்கு வந்த 1.2 லிட்டர் கப்பா இன்ஜினும், அதே வருஷம் மாருதி ஏ-ஸ்டாரில் வந்த கே-சீரீஸ் இன்ஜினும் சங்கிலி. இவற்றில் பெல்ட்டே கிடையாது. சங்கிலிக்கு எண்ணெயைச் சரியான நேரத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால் போதும், பழையபடி காது கொடுத்துக் கேட்கலாம். எங்கள் மெக்கானிக்கின் விதி இந்தக் கார்களுக்கு மறுபடியும் சரி! அவர் தினமும் பார்க்கும் வண்டிகளில் பாதிக்கு அவர் சொல்வது சரியாகவே பலிப்பதால்தான் மீதிப் பாதியில் அந்த விதி தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது வகை ஒன்றும் வந்தது. 2012-ல் ஐரோப்பாவில் வந்த ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் போன்ற சில இன்ஜின்களில், ரப்பர் பெல்ட்டைச் சங்கிலி மாதிரி எண்ணெயிலேயே ஊறவிட்டார்கள். உரசல் குறையும், எரிபொருள் மிச்சம், பத்து வருஷம் தாங்கும் என்று கணக்கு. நடைமுறையில் பழைய எண்ணெயும், தவறான எண்ணெயும் அந்த ரப்பரைக் கெடுத்தன. பெஜோ–சித்ரோன் காரர்கள் தங்கள் ஊறும் பெல்ட்டுக்கு முதலில் சொன்ன கெடுவைப் பின்னால் குறைத்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபோர்டு சுமார் 1,40,000 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் அதே 1.0 லிட்டர் இன்ஜினில் எண்ணெய் பம்ப்பைச் சுற்றும் பெல்ட்டின் டென்ஷனர். அந்தப் பட்டியலில் இருந்த ஈகோஸ்போர்ட், மறைமலை நகரில் செய்து கப்பல் ஏற்றிய கார். ஆலை 2022-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஆக, அச்சிட்ட எண்ணுக்குப் பின்னால் இருப்பதும் மனிதர்கள் எடுத்த முடிவுதான். புது அனுபவம் வந்தால் அவர்களே அதைத் திருத்துகிறார்கள்.

அண்ணனுக்கு என்ன சொன்னேன்?

கேள்விகளை வரிசைப்படுத்திக் கொடுத்தேன். உங்களுக்கும் உதவலாம்.

முதல் கேள்வி, இந்த இன்ஜினில் இருப்பது பெல்ட்டா சங்கிலியா? காரின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே ஐ10-ல் பழைய 1.1 பெட்ரோல் பெல்ட், 1.2 கப்பா சங்கிலி. இன்ஜினைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ரெண்டாவது, பெல்ட் என்றால் அந்த இன்ஜினுக்குக் கையேடு சொல்லும் கி.மீ. எத்தனை, வருஷம் எத்தனை? ரெண்டில் எது முந்துகிறதோ அதுதான் கெடு.

மூன்றாவது, கடைசியாக மாற்றியதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா? "மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க" என்பது ஆதாரம் இல்லை. பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். செகண்ட் ஹேண்ட் மீட்டரைத் திருப்ப முடியும், ஆர்.சி. புக்கில் உள்ள வருஷத்தைத் திருப்ப முடியாது. அண்ணன் வண்டியில் மீட்டர் என்ன சொன்னாலும் சரி, பெல்ட் ஆலையில் போட்டதாக இருந்தால் பத்து வருஷத்தைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது.

நாலாவது, அறுந்தால் என்ன செலவு, மாற்றினால் என்ன செலவு? பெல்ட், டென்ஷனர், ஐட்லர் பேரிங் எல்லாம் சேர்த்து மாற்ற அண்ணன் கணக்கில் ஒரு சேலைக் கூலி, மிஞ்சிப் போனால் ரெண்டு. சில இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட் சுற்றும், அதையும் கையோடு பார்த்துவிடலாம். அறுந்து ஹெட்டைக் கழற்றினால் பல மாசக் கூலி. ராத்திரி நேரத்தில் வயசான அம்மாவோடு ஹைவேயில் இன்ஜின் நின்றுபோவதற்குக் கூலிக் கணக்கில் விலை போட முடியாது.

மாற்றுவது என்று முடிவானது. எங்கள் மெக்கானிக்கிடமே போனோம். அவர் அனுபவத்தை மதிக்காமல் வேறு இடம் போக அண்ணனுக்கு மனசு வரவில்லை. சங்கிலிக் கதையை நான் சொன்னபோது அவர் சிரித்தார். "அம்பாஸடர்ல கத்துக்கிட்டதுதான் சார், வாஸ்தவம்" என்றார். இன்ஜினை நேரத்தில் பூட்டி வைக்கும் டூல் தன்னிடம் இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி, அது இருக்கும் நண்பரின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஓட்டி வந்தார். பெல்ட்டைச் சரியான நேரத்தில் கோர்க்காவிட்டால் புது பெல்ட்டும் அதே சேதத்தைச் செய்யும்.

பழைய பெல்ட் வெளியே வந்ததும் அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பட்டிழையைப் பார்ப்பது போல விரலால் தடவிப் பார்த்தார். வெடிப்பு இல்லை. பல் எல்லாம் இருந்தது. "நல்லாத்தானே இருக்கு" என்றார், குரலில் கொஞ்சம் வருத்தம். புது வகை ரப்பர் அப்படித்தான். பழைய நியோப்ரீன் மாதிரி வெடித்துக் காட்டாது, உள்ளே இருக்கும் நார் களைத்துப்போனதும் வெளியே தெரியாது. அந்த பெல்ட் இன்னும் முப்பதாயிரம் ஓடியிருக்குமா, அடுத்த வாரம் போயிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. கெடு வைப்பதே அதற்காகத்தான் என்று சொன்னேன். அவர் அதை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் ஒரு மார்க்கர் எடுத்து, பெல்ட் மூடியின் மேல் தேதியையும் கி.மீ.யையும் எழுதினார். கோயில் சுவரில் கும்பாபிஷேகம் நடந்த நாளைக் கல்லில் பொறித்து வைப்பார்களே, அது மாதிரி. அடுத்து இந்த வண்டியை வாங்கப்போகிறவர் யாரோ, அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.